பின்சக்கரத்துக்கு அருகே நான்கு முட்டைகள்

மங்கையர்க்கரசியின் வேலை போனது ஒரு வீடியோ அழைப்பில். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த கம்பெனி அந்தச் செய்தியைச் சொல்ல அமர்த்தியிருந்த பெண்ணுக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை. 'மங்கையர்' வரைக்கும் வந்து, மூச்சு வாங்கி, "ஸாரி, மங்கை" என்று முடித்துக்கொண்டாள். அழைப்பு முடிந்ததும் மடிக்கணினியில் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தது. வியாழக்கிழமை நடக்கவிருந்த கூட்டம் காலண்டரிலிருந்து மறைந்ததுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. அந்தக் கூட்டத்தைக் கூட்டியிருந்ததே அவள்தான்.

போகிறவர்களுக்குக் கம்பெனி ஓர் அன்பளிப்பும் தந்தது: மன அமைதிக்கான செயலி, ஒரு வருடச் சந்தாவோடு. அதில் ஒரு பெண் குரல், கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆற்றங்கரையைக் கற்பனை செய்யச் சொன்னது. மங்கை செய்தாள். அவள் கற்பனை செய்த ஆற்றில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. அதை யாரை வைத்து அள்ளுவது, லாரி எந்தப் பக்கமாக உள்ளே வரும், மழைக்கு முன்னால் வேலை முடியுமா என்று யோசிக்கத் தொடங்கினாள். கண்ணைத் திறந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

கணவர் இரண்டு வருடத்துக்கு முன்பே சட்டப்படி பிரிந்து புனேவுக்குப் போயிருந்தார். மகள் வர்ஷினி இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு ஜூலையில் டெல்லியில் கல்லூரிக்குப் போகக் காத்திருந்தாள். ஹைதராபாத்தின் குகட்பள்ளியில், மூன்றாவது மாடி வீட்டில் மங்கையோடு கடைசிவரை இருக்கப் போவது அவளுடைய கார் மட்டும்தான் போலிருந்தது. அலுவலகம் இல்லாதபோது கார் எதற்கு என்று அதையும் விற்கத் தீர்மானித்தாள்.

பழைய கார் வாங்கும் நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞன் கையில் டேப்லெட்டோடு வந்தான். கார், குடியிருப்பின் கடைக்கோடியில், மதில் சுவரைப் பார்த்தபடி நின்றது. அந்தப் பக்கத்துத் தரைக்கு ஓடு பதிப்பதா சிமென்ட் போடுவதா என்று குடியிருப்போர் சங்கத்தில் தீராத சண்டை நடந்துகொண்டிருந்ததால் தற்காலிகமாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். இளைஞன் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பின்பக்கம் குனிந்தான். அடுத்த நொடி அவன் தலைக்கு மேல் ஏதோ கிறீச்சிட்டுப் பாய்ந்தது. டேப்லெட் ஜல்லியில் விழுந்தது. அவன் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு ஏ பிளாக் வாசல்வரை ஓடினான்.

மங்கை காரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். வலது பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஜல்லிக்கு நடுவே ஜல்லி நிறத்திலேயே நான்கு முட்டைகள். அவற்றுக்கு முன்னால் ஒரு பறவை நின்றது. கறுப்புத் தலை, நீளமான மஞ்சள் கால்கள், கண்ணோரத்தில் வெட்டுக்காயம் போல ஒரு சிவப்பு. அவளுக்கு அதன் பெயர் தெரியும். ஆள்காட்டி. அது அவளை நேராகப் பார்த்து, 'டிட்-டீ-டூ-இட்' என்று கத்தியது. மதிலின் மேலிருந்து இன்னொன்று எழுந்து அவள் உச்சந்தலையைக் குறிபார்த்து வந்தது.

வேலை போனபிறகு காரை அவள் எடுக்கவே இல்லை. இனி இது நகராது என்று அந்த ஜோடி முடிவுகட்டியிருந்தது.

இளைஞன் தூரத்திலிருந்தே கத்தினான்: "மேடம், வண்டிய ரிவர்ஸ் எடுத்துட்டு வெளிய கொண்டாங்க! பாத்துட்டுப் போறேன்!"

ரிவர்ஸ் எடுத்தால் முட்டைகள் கூழாகிவிடும். முன்னால் மதில். மங்கை இல்லையென்று கையசைத்தாள். அவன் டேப்லெட்டைக் கேட்டான். அதை எடுத்துக் கொடுக்க அவள் பட்ட பாட்டைக் குடியிருப்பே பால்கனிகளிலிருந்து பார்த்தது.

சாயங்காலம் சங்கச் செயலாளர் டேனியல் வந்தார். அவருடைய தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வே பணிமனை வேலைக்கு வந்தவர். டேனியல் பிறந்தது, படித்தது, ஓய்வுபெற்றது எல்லாம் இங்கேதான்; அவர் தமிழில் ஹைதராபாத் உருது தாராளமாகக் கலந்திருக்கும். தலையில் ஹெல்மெட்டோடு, காரிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார்.

"உங்களையும் அடிச்சுச்சா மேடம்? ஹவ், என்னையும் அடிச்சுச்சு. காலைல வாக்கிங் வந்தேன், சீதா, நேரா தலைமேலயே!"

"முட்டைய ஒரு தட்டுல எடுத்து அந்தப் பக்கம் வச்சிரலாமா சார்?" என்றாள் மங்கை. கோவில்பட்டிப் பேச்சு அவளை விட்டுப் போகவே இல்லை. "நான் ஒரு பிளான் போட்டு வச்சிருக்கேன்."

"நக்கோ மேடம், வேணாம்! சி பிளாக்ல வக்கீல் இருக்காரு இல்ல, அவர்கிட்ட கேட்டேன். தொட்டா ஜெயில்னு சொல்றாரு. கைக்கு, எதுக்கு நமக்கு அந்த லஃப்டா?"

"அப்ப என் கார்?"

"கார் இருக்கட்டும். எங்க போகப்போவுது? ஒரு மாசத்துல பொரிஞ்சுரும்."

அன்று இரவே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. கடைக்கோடிப் பகுதிக்குப் போகிறவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும். உணவு கொண்டுவருபவர்களுக்குக் காவலாளி குடை தருவார். பறவையோடு செல்ஃபி எடுப்பவர்களுக்கு ஏற்படும் காயங்களுக்குச் சங்கம் பொறுப்பல்ல. பறவை விவகாரங்களின் ஒருங்கிணைப்பாளராக பி-307 மங்கையர்க்கரசி நியமிக்கப்படுகிறார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் கையெழுத்துக்குக் கீழே போட ஒரு பதவி மறுபடி கிடைத்ததில், வெட்கத்தோடு ஒரு சின்ன நிம்மதி வந்தது.

இரண்டு நாள் கழித்து, காரின் ஆவணங்களை எடுக்கப் போனாள். வர்ஷினியின் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முட்டைகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப்போய், இடது முன்கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள். பறவை கூரையில் இரண்டுமுறை கொத்திப் பார்த்தது. பிறகு ஆச்சரியமாக எல்லாம் அடங்கிவிட்டது. மங்கை கியரைத் தாண்டி ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, கண்ணாடியை இறக்கி, வெளியே இருந்த பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தாள். அதில் பின்சக்கரமும் முட்டைகளும் தெரிந்தன. பறவை வந்து நின்றது. அக்கம்பக்கம் பார்த்தது. நெஞ்சு இறகுகளை விரித்து, முட்டைகளின் மேல் மெதுவாக, வயதானவர்கள் பஸ் இருக்கையில் உட்காருவது போல உட்கார்ந்தது.

காருக்குள் இருக்கும் மனுஷி அதற்கு மனுஷியாகவே தெரியவில்லை. கதவைத் திறந்தால்தான் பிரச்சினை.

சரி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கலாம் என்று நினைத்தாள். காரின் முன்பாதிக்கு ஒரு வேப்பமரம் நிழல் தந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாக அந்த மரம் அவளுக்கு, கண்ணாடியில் பிசின் சொட்டுகிற தொல்லை மட்டும்தான். இப்போது அது பூத்திருந்தது. அரிசிப்பொரி போன்ற பூக்கள் பானட்டில் உதிர்ந்தன. ஓர் அணில் அவற்றில் எதையோ தேர்ந்தெடுத்து மற்றதைத் தள்ளியது. மதிலில் ஓணான் ஒன்று, யாரோ கேட்ட கேள்விக்கு ஆமாம் ஆமாம் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டே இருந்தது. பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒன்றும் நடக்கவில்லை.

போன் அடித்தது. வர்ஷினி.

"மம்மீ, கார்லோ ஏம் சேஸ்துன்னாவ்? என்ன பண்ற அங்க? பால்கனிலருந்து எல்லாரும் உன்னப் பாக்கறாங்க. ஆர் யூ ஓகே?"

"நல்லாத்தான் இருக்கேன். பேப்பர் எடுக்க வந்தேன்."

"டூ அவர்ஸ் ஆச்சு!"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மங்கை குளித்து, பருத்திப் புடவை கட்டி, மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு, மடிக்கணினிப் பையை மாட்டி, தலையில் ஹெல்மெட்டோடு லிஃப்டில் இறங்கினாள். அதன் பிறகு தினமும் போனாள். உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டு, வெயில் தணிந்ததும் மறுபடி போனாள். வேலை தேடும் விண்ணப்பங்களைக் காரிலிருந்தே அனுப்பினாள். ஒரு விண்ணப்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். நாள் போகப் போக, விண்ணப்பங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே வந்தது.

குடியிருப்பில் அவளைப் பற்றிப் பேசினார்கள். பாவம், வேலை போனதில் மனசு கலங்கிவிட்டது என்றார்கள் சிலர். அவர்களே, வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஹெல்மெட்டோடு வந்து இடது கதவைத் தட்டினார்கள். "கொஞ்ச நேரம் உக்காரலாமா?" என்று கேட்டார்கள். யோகா வகுப்பு எடுக்கும் பெண்மணி முன் இருக்கையிலேயே நன்றாகத் தூங்கிப்போனார். வக்கீல் வந்து பின் இருக்கையில் உட்கார்ந்து, அணிலைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி இறங்கிப்போனார். டேனியல் மட்டும் தினமும் வந்தார்.

"என்ன ரிப்போர்ட் மேடம்?"

"ஆளு மாறிட்டாக. இப்ப உக்காந்திருக்கது ஆம்பளைன்னு நெனைக்கேன்."

"எப்படித் தெரியுது?"

"தெரியல. கொஞ்சம் கடனேன்னு உக்காந்திருக்க மாதிரி இருக்கு."

மே மாதம் வெயில் நாற்பத்திரண்டைத் தொட்டது. முட்டைகள் இருந்த இடத்துக்கு வேப்பநிழல் எட்டவில்லை. அப்போதுதான் மங்கை அதைக் கவனித்தாள். ஒரு பறவை முட்டையின் மேல் வாயைத் திறந்தபடி நிற்கும். மற்றது பி பிளாக் சுவரோரம் ஓடும். அங்கே 204-ஆம் வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. பறவை அதில் உட்கார்ந்து, வயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைகளின் மேல் அமரும். முட்டைகள் குளிர்ந்ததும் மற்றது போகும். நாள் முழுக்க இதேதான். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. ஏன் என்று தெரியாமல் மங்கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். ஏழு வாரமாக வராத அழுகை. பறவை கண்டுகொள்ளவில்லை. அதற்கு வேலை இருந்தது.

அடுத்த நாள் குட்டை காய்ந்துபோயிருந்தது. 204-இல் இருந்த குணசேகரன் ஏ.சி.யை அணைத்துவிட்டு, குடும்பத்தோடு சேலம் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். மங்கை ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அவர் வாசலில் போய் நின்றாள்.

"சார், ஊருக்குப் போகும்போது ஏ.சி.ய ஓட விட்டுட்டுப் போக முடியுமா?"

குணசேகரன் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வீட்ல யாருமே இருக்க மாட்டோமுங்க."

"தெரியும். பறவைக்கு."

"பறவைக்கு ஏ.சி.யா?"

"ஏ.சி. இல்ல சார், தண்ணி."

"ஒரு தட்டுல தண்ணி ஊத்தி வைக்கக் கூடாதுங்களா?"

பத்தொன்பது வருடம் எவ்வளவு பெரிய திட்டங்களையெல்லாம் நடத்திய மங்கைக்கு அது தோன்றவே இல்லை. தட்டு வைத்துப் பார்த்தாள். பறவைகள் தட்டைச் சந்தேகமாகச் சுற்றிவந்து, காய்ந்த குட்டையின் ஓரத்திலேயே போய் நின்றன. அவள் மறுபடி மாடியேறினாள். குணசேகரன் இந்தமுறை கேள்வி கேட்கவில்லை. பால்கனியிலிருந்து கீழே பார்த்தார், வெயிலைப் பார்த்தார், ரிமோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, வீட்டுச் சாவியையும் மேலே வைத்தார்.

"இருபத்தி நாலுல வைங்க. ரொம்பக் குறைச்சா தண்ணி கூடும்னு நினைக்கறேன், ஆனா எங்க கட்டில் மெத்த ஜில்லுனு ஆயிடும்."

இப்படியாக, ஆளில்லாத வீட்டில் ஏ.சி. ஓடியது.

நேர்காணல் அழைப்பு வந்ததும் அந்த வாரம்தான். நல்ல கம்பெனி, பெரிய பதவி. வர்ஷினி கெஞ்சினாள்: "மம்மீ, ப்ளீஸ், வீட்ல உக்காந்து பேசு. கார்ல வேணாம்." மங்கையும் சரியென்றாள். ஆனால் அன்று காலை கீரிப்பிள்ளை ஒன்று மதிலோரம் மோப்பம் பிடித்ததைப் பார்த்தபிறகு அவளால் மேலே உட்கார முடியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, முடியைச் சரிசெய்து, மடிக்கணினியை ஸ்டியரிங்கின் மேல் சாய்த்துவைத்தாள். திரையில் மூன்று பேர். நடுவிலிருந்தவள் பெயர் நஸ்ரின். சென்னைக்காரி, அதனால் சீக்கிரமே தமிழுக்கு மாறிவிட்டாள்.

"திடீர்னு ஒரு நெருக்கடி வந்தா எப்படிக் கையாளுவீங்க, மங்கையர்க்கரசி?" என்று பெயரை முழுதாகச் சொல்லிக் கேட்டாள் நஸ்ரின்.

"முதல்ல பதற்றப்படாம சூழ்நிலைய..." என்று தொடங்கிய மங்கை பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். ஜல்லியில் கீரி வந்துகொண்டிருந்தது. அவள் முழங்கையால் ஹார்னை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். திரையில் மூன்று பேரும் காதிலிருந்ததைப் பிடுங்கினார்கள். கீரி மதிலேறி ஓடியது. இரண்டு பறவைகளும் வானத்தில் நின்று குடியிருப்பையே திட்டின.

"மன்னிச்சிருங்க," என்றாள் மங்கை. "கீரி."

மடிக்கணினியைத் திருப்பி முட்டைகளைக் காட்டினாள். பறவை இறங்கி, குட்டைக்கு ஓடி, வயிற்றை நனைத்து வந்து உட்காரும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மீதி நேரம் முழுக்க அதைத்தான் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் பெருமூச்சு விட்டு, "வேறு கேள்வி இல்லை" என்றார். மறுவாரம் வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் வந்தது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் நஸ்ரினிடமிருந்து தனியாக ஒரு செய்தி: 'பொரிஞ்சிடுச்சா?'

பொரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான்கில் மூன்று. ஜல்லித் துண்டுக்குக் கால் முளைத்தது மாதிரி இருந்த குஞ்சுகள், ஈரம் காய்ந்ததுமே எழுந்து நடந்துவிட்டன. பெற்றோர் அவற்றைக் கூட்டிக்கொண்டு நேராக வாசல் கேட்டுக்குப் போனார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் சுற்றுச்சுவர் இடிந்த காலி மனை இருந்தது. புல்லும் கொஞ்சம் சேறும். அங்கேதான் போக வேண்டும்.

டேனியல் ஹெல்மெட்டோடு சாலை நடுவே பாய்ந்து, இரு கைகளையும் விரித்து ஒரு பஸ்ஸை நிறுத்தினார். வர்ஷினி ஆட்டோக்களை நிறுத்தினாள். குடியிருப்பே ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து இருபுறமும் கைகோத்து வேலி கட்டியது. குஞ்சுகள் சாலையில் இறங்கின. இவ்வளவு கூட்டத்தைக் கண்டதும் தாய்ப்பறவை அபாயக்குரல் எழுப்பியது. அவ்வளவுதான். மூன்று குஞ்சுகளும் நடுச்சாலையில் வயிற்றோடு படுத்துத் தாரோடு தாராகிவிட்டன.

"சலோ, சலோ! நடங்க!" என்று டேனியல் கை தட்டினார். பறவை இன்னும் உரக்கக் கத்தியது. குஞ்சுகள் இன்னும் தட்டையாயின. பின்னால் ஹார்ன்கள் வெடித்தன. யாரோ துடைப்பம் கொண்டுவந்தார்கள். யாரோ தட்டைத் தட்டினார்கள். ஒவ்வோர் உதவிக்கும் பறவைகளின் கூச்சல் கூடியது.

மங்கை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காரிலிருந்தே பார்த்திருக்கிறாள், அது கத்துவதை நிறுத்தும் ஒரே நேரம் எதுவென்று அவளுக்குத் தெரியும்.

"எல்லாரும் நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள். "யாரும் ஒண்ணுஞ் செய்யாதீங்க! டேனியல் சார், கைய கீழ போடுங்க. அப்படியே உக்காருங்க!"

"ரோட்லயா மேடம்?"

"ரோட்லதான்!"

டேனியல் உட்கார்ந்தார். வக்கீல் உட்கார்ந்தார். வர்ஷினி ஒவ்வொரு வண்டியாக ஓடி, "பந்த் சேயண்டி அண்ணா, ப்ளீஸ்" என்று இன்ஜினை அணைக்கச் சொன்னாள். பஸ் ஓட்டுநர் முதலில் முறைத்தார். பிறகு எட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் அடங்கின. குகட்பள்ளியில் ஒரு சாலை, பகல் வெளிச்சத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. எங்கோ ஒரு வீட்டுக் குக்கர் விசிலடிப்பது கேட்டது. காற்றில் வேப்பம்பூ வாசனை வந்தது. பஸ் ஜன்னல்களில் முகங்கள் அசையாமல் இருந்தன. ஒரு குழந்தை அழத் தொடங்கி, அதுவும் என்னவோ நினைத்து நிறுத்திக்கொண்டது.

பறவை கத்துவதை நிறுத்தியது. மனையிலிருந்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னது. தாரிலிருந்து ஒரு குஞ்சு எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. தங்களுக்காக ஊரே உட்கார்ந்திருப்பதை அறியாமல், அவை தத்தித் தத்திப் புல்லுக்குள் போயின.

அதற்கப்புறமும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. கடைசியில் பஸ் நடத்துநர்தான் விசிலடித்தார்.

பொரியாத நான்காவது முட்டையும் சட்டப்படி முட்டைதானா என்று டேனியல் வக்கீலிடம் கேட்டிருந்தார். பதில் வருவதற்குள் கீரி அதை எடுத்துப் போய்விட்டது. கார் விற்றுப்போனது. ஜூன் முடிவில் மங்கைக்கு நகரின் மறுகோடியில், உப்பலில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மருந்துக்கடைகளுக்கான பில் போடும் மென்பொருள் செய்கிறவர்கள். அவள் பழைய பதவிக்குப் பக்கத்தில்கூட வராது. ஜூலையில் வர்ஷினியை ரயிலேற்றிவிட்டு வந்த இரவு, வீடு அவள் பயந்த அளவுக்கே காலியாக இருந்தது. அவள் பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, மழை பெய்வதைக் கேட்டபடி தூங்கிப்போனாள்.

உப்பல் அலுவலகத்தில் அவளுக்குத் தந்த இடம் ஒரு ஜன்னலோரம். வெளியே ஏதோ தொழிற்சாலையின் பின்சுவர், ஒரு சாக்கடை, அதன் ஓரத்தில் தானாக முளைத்த முருங்கை. மரத்தின் அடிப்பகுதியை மறைத்துக் கம்பளிப்பூச்சிகள் மொய்த்திருந்தன. பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்தார்.

"இடம் மாத்தித் தரச் சொல்லட்டுங்களா மேடம்?"

"வேண்டாம்," என்றாள் மங்கை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நூற்றுக்கணக்கான பூச்சிகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தன.